கறுப்பு வெள்ளைப் படம்: வானத்துல பெருசா கறை விழுது, அவசரம்

அலைத்தடம்
கடலூர் சில்வர் பீச்ல காலைல எடுத்த எல்லாப் படத்துலயும் வானத்துல கறுப்பா பெரிய கறை. மேகம் நல்லா கருத்து இறங்கியிருந்துச்சு, அதான் கறுப்பு வெள்ளைக்கு மாத்தினேன். மாத்தினதும் இன்னும் மோசம், திட்டுத் திட்டா வேற வருது. லென்ஸ் போச்சா? ஞாயித்துக்கிழமை மறுபடி போகணும், அதுக்குள்ள சொல்லுங்க.

உப்பங்கழி
என்ன கேமரா, என்ன லென்ஸ், எத்தனை மி.மீ.ல எடுத்தீங்க? முன்னாடி ஃபில்டர் இருந்துச்சா? ராவா (சுருக்காத மூலக் கோப்பு), ஜேபெக்கா (சுருக்கின படம்)? எதுவும் திருத்தாத படம் ஒண்ணு போடுங்க.

கொண்டல்காத்து
சென்சார்ல, அதான் உள்ள ஒளியைப் பதியுற தகடுல, தூசி. லென்ஸ் துளையை எஃப் 22க்குச் சின்னதாக்கி, ஃபோகஸைக் கலைச்சு, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்க. தூசின்னா ஒரே இடத்துல ஓரம் தெளிவா நிக்கும். எஃப் 4க்குத் துளையைப் பெருசாக்கினா கரைஞ்சு காணாமப் போயிடும். கடற்கரைல லென்ஸ் கழட்டி மாட்டினா இதுதான் நடக்கும்.

உப்பங்கழி
அவர் "பெரிய கறை"ங்கிறார். தூசி பாதி வானத்தை மூடாது.

மேகமூட்டம்
நீண்ட எக்ஸ்போஷரா, அதாவது ஷட்டரைப் பல செகண்ட் திறந்து வச்சீங்களா? அப்படின்னா வியூஃபைண்டர் வழியா வெளிச்சம் உள்ள போயிருக்கலாம். கண் வைக்கிற இடத்தைக் கறுப்புத் துணியால மூடிட்டு ஒண்ணு எடுங்க. ஆனா அந்தக் கசிவு வெளுப்பாத்தான் விழும், கறுப்பா விழாது. எத்தனை செகண்ட்னு சொல்லுங்க.

டார்க்ரூம்வாசி
தம்பி, அடிப்படை தெரியாம வந்தா இப்படித்தான். கம்ப்யூட்டர்ல நிறத்தை உருவிட்டா அது கறுப்பு வெள்ளை ஆயிடாது. சிவப்பு ஃபில்டர் ஒண்ணு மாட்டி எடுத்திருந்தா வானம் தானா கருத்திருக்கும். முதல்ல ஒளி எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சுட்டு வாங்க.

அலைத்தடம்
கேனான் 200டி, 10-18 மி.மீ. லென்ஸ், 10ல வச்சேன். வேரியபிள் என்டி (சுத்தச் சுத்த ஒளியைக் குறைக்கிற ஃபில்டர்) போட்டு கடைசி வரைக்கும் சுத்தினேன். 30 செகண்ட். ஜேபெக். அப்புறம் கறுப்பு வெள்ளைக்கு மாத்தும்போது நீல ஸ்லைடரை முழுசா கீழ இறக்கினேன்.

உப்பங்கழி
இதை முதல்லயே சொல்லியிருந்தா முதல் பதில்லயே முடிஞ்சிருக்கும். லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு தனித்தனிக் கோளாறு.

பெரிய கறை: வேரியபிள் என்டிங்கிறது ரெண்டு போலரைசர் கண்ணாடியை (ஒரு திசைல அதிர்ற ஒளியை மட்டும் விடுறது) ஒண்ணு மேல ஒண்ணு வச்சது. ஒண்ணுக்கொண்ணு குறுக்கா திரும்பத் திரும்ப ஒளி குறையும். லென்ஸுக்கு நேரா வர்ற ஒளிக்கு இது சரியா வேலை செய்யும். 10 மி.மீ.ல உங்க கேமரா பார்க்கிற அகலம் கிட்டத்தட்ட 96 டிகிரி. ஓரத்துல சாய்ஞ்சு வர்ற ஒளிக்கு அந்தக் குறுக்குக் கோணம் மாறிடும். சில திசைல ஒளி அதிகமா வெட்டுப்படும், சில திசைல தப்பிச்சு வந்துடும். அதான் படத்து மேல பெருக்கல் குறி மாதிரி கறுப்பு. கடைசிக் கோடு வரைக்கும் சுத்தினா ரொம்ப மோசமாத் தெரியும். மொத்த ஃபில்டரையும் நூல்ல அரைக்கால் சுற்று (எட்டுல ஒரு பங்கு) தளர்த்திட்டு இன்னொரு படம் எடுங்க. குறியும் கூடவே திரும்பினா சந்தேகமே வேண்டாம். 18ல வச்சு, பாதிக்கு மேல சுத்தாம இருந்தா பெரும்பாலும் தெரியாது.

10லயே எடுக்கணும்னா நிலையான என்டி வாங்குங்க. உங்க லென்ஸுக்கு நூல் அளவு 67 மி.மீ. ஃபில்டர் இல்லாம 1/30 செகண்ட் வந்தா, 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ஒளி பாதியாகும்) போட்டா 2 செகண்ட், 10 ஸ்டாப் போட்டா 34 செகண்ட்.

திட்டு: மூடின வானத்துல நீலம் கிடையாது. மேகம் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் மூணும் ஏறக்குறைய சமம். அதுல நீலத்தை இறக்கினா மேகம் கருக்காது, நிறத்துல இருக்கிற இரைச்சல்தான் (நாய்ஸ்) வெளிச்ச வித்தியாசமா மாறி வெளிய வரும். ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான், ராவுல 14 பிட்னா 16,384. ராவுல எடுங்க, பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோம்ல வச்சுக்கோங்க. திரையில கறுப்பு வெள்ளையாத் தெரியும், கோப்புல நிறம் பத்திரமா இருக்கும். வானத்தைக் கருக்க கர்வ்ஸ் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளைகோடு) போதும், தேவைப்பட்ட மேகத்தை மட்டும் தனியா பிரஷ்ல இறக்குங்க.

டார்க்ரூம்வாசி
இவ்வளவு கணக்கு எதுக்கு? சிவப்பு 25 ஃபில்டர், எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம், முடிஞ்சது.

உப்பங்கழி
ஐயா, ஃபிலிம்ல நீங்க சொல்றது சரி, ஆனா நீல வானத்துக்கு மட்டும். வெள்ளை மேகத்துக்குப் பின்னாடி இருக்கிற நீலம் கருக்கும். ஐப்பசி, கார்த்திகைல வானம் முழுக்க மூடியிருக்கும்போது சிவப்பு ஃபில்டர் 3 ஸ்டாப் ஒளியைத் தின்னும், பதிலுக்கு ஒண்ணும் தராது. டிஜிட்டல் கேமரா முன்னாடி மாட்டினா இன்னும் நஷ்டம்: சென்சார்ல நாலுல ஒரு பிக்சல்தான் சிவப்பு, மத்த மூணும் பட்டினி கிடக்கும்.

டார்க்ரூம்வாசி
ஃபிலிம்ல 30 செகண்ட் வச்சா வர்ற சாம்பல் உங்க சென்சார்ல வராது. அதைக் கண்ணால பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

மேகமூட்டம்
30 செகண்ட்னு மீட்டர் சொன்னா எச்பி5க்கு 30 போதாதுன்னும் சொல்லிடுங்க. நேரம் நீள நீள ஃபிலிமோட உணர்திறன் குறையும். அதைத் தயாரிக்கிற இல்ஃபோர்ட் தர்ற கணக்குல 30ஐ 1.31ங்கிற அடுக்குக்கு (பவர்) உயர்த்தணும், அதாவது சுமார் 86 செகண்ட். புதுசா வர்றவங்க உங்க பேச்சைக் கேட்டு 30ல விட்டா நெகட்டிவ் வெளிறித்தான் வரும்.

கொண்டல்காத்து
நான் வேற கேக்கிறேன். 30 செகண்ட் எதுக்கு? வாடை அடிக்கும்போது தாழ்ந்த மேகம் வேகமா ஓடும். 30 செகண்ட்ல அடுக்கடுக்கா இருக்கிற மேகம் எல்லாம் ஒரே சாம்பல் துணியாயிடும். பருவமழை வானத்தோட அழகே அந்த அடுக்குதான். கடலும் பால் ஊத்தின மாதிரி ஆயிடும். அரை செகண்ட்ல இருந்து 1 செகண்ட் வைங்க. அலை திரும்பும்போது ஈர மணல்ல கோடு கோடா நுரை இழுபடும், மேகமும் மேகமா இருக்கும்.

மேகமூட்டம்
இது சரி. வானமும் ஓட்டமாத் தெரியணும்னா 8 செகண்டுக்கு மேல போகாதீங்க. என்டி வாங்கக் காசு இல்லேன்னா 1 செகண்ட் படம் 8, நடுவுல இடைவெளி இல்லாமத் தொடர்ச்சியா எடுத்து சராசரி பண்ணுங்க. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைச்சிடணும், இல்லேன்னா ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல கேமரா காத்திருக்கும், மேகம் படிப்படியா வெட்டி வெட்டி வரும்.

கொண்டல்காத்து
நேரமும் பாருங்க. நம்ம கரை கிழக்கு பார்த்தது. காலைல வெளிச்சம் எதிர்ல, மேகத்தோட முதுகுலதான் விழும். சாயங்காலம் மேற்கே மேகம் கொஞ்சம் விலகினா வெளிச்சம் உங்க முதுகுப் பக்கமிருந்து வரும்: கடல் மேல மேகம் கறுப்பா, நுரை மட்டும் வெள்ளையா. தாழங்குடா முகத்துவாரத்துலயும் இதே கதைதான், புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பாறைகள்லயும் இதே கதைதான்.

ட்ரைபாட் கால் ஈர மணல்ல இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழ ஓட்டுச் சில்லு ஒண்ணு வைங்க, நடுத்தண்டை ஏத்தாதீங்க. ஃபில்டர்ல உப்புச் சாரல் பட்டா காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்க. நல்ல தண்ணி தொட்ட துணியால ஒத்தி எடுத்துட்டுத்தான் துடைக்கணும், உப்புப் பரல் கீறிடும்.

அலைத்தடம்
தளர்த்திப் பார்த்தேன், குறியும் கூடவே திரும்புச்சு. கழட்டிட்டேன். நேத்து சாயங்காலம் 1 செகண்ட்ல எடுத்தது சுத்தமா இருக்கு. எல்லாருக்கும் நன்றி.

உப்பங்கழி
மகிழ்ச்சி. ராவுலதானே எடுத்தீங்க?