பிசானோசாரஸ் டைனோசரா, இல்லையா? கண்காட்சி அட்டையில் என்ன எழுத?

பாளை வாத்தியார்:
பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் எழுதிய அட்டை இது: "பிசானோசாரஸ். அர்ஜென்டினா. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன். இலைதழை தின்ற முதல் டைனோசர்களில் ஒன்று." வாலோடு சேர்த்தே ஒரு மீட்டர்தான், நம் ஊர் உடும்பு அளவு. அதனாலேயே பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. சரிதானே?

அம்பைக்காரன்:
கடைசி வரி இடிக்கிறது அண்ணாச்சி. கிடைத்தது ஒரே எலும்புக்கூடு, அதுவும் அரைகுறை. தாடைத் துண்டு, கொஞ்சம் முதுகெலும்பு, பின்னங்கால் துண்டுகள், அவ்வளவுதான். 1967இல் காசமிகேலா என்ற தொல்லுயிர் ஆய்வாளர் பெயர் வைத்தார். தழை தின்னும் டைனோசர்களின் ஒரு பெரிய பிரிவான பறவை இடுப்பு வகையில் சேர்த்தார்கள். வகைக்குப் பெயரே இடுப்பை வைத்துத்தான். அந்த இடுப்போ பாறையில் பதிந்த அச்சாக மட்டுமே இருக்கிறது! 2017இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் இருவர் மறுபடி பார்த்து, இது சைலிசாரஸ் கூட்டம் என்றார்கள். டைனோசருக்குப் பங்காளி, டைனோசர் இல்லை.

தேரிக்காட்டான்:
தம்பி, இடுப்பை விடும், பல்லைப் பாரும். நெருக்கமாக அடுக்கி, மேலும் கீழும் உரசித் தேய்ந்த பல். அம்மி தேய்ந்த மாதிரி. மென்று தின்கிற பிராணிக்குத்தான் அப்படித் தேயும். பின்னால் வந்த பறவை இடுப்புக்காரர்கள் வாயும் இப்படித்தானே?

அம்பைக்காரன்:
தழை மென்றால் யாருக்கும் பல் தேயும். சைலிசாரஸ் கூட்டத்திலும் தழை தின்றவை உண்டு. பல்லை வைத்து மட்டும் உறவுமுறை சொன்னால் ஆடும் முயலும் அண்ணன் தம்பி ஆகிவிடும்.

தேரிக்காட்டான்:
சைலிசாரஸ் கூட்டமே பறவை இடுப்பு வகையின் ஆதி ஆட்கள் என்றும் சிலர் சொல்கிறார்களே! அப்படியானால் நீர் வெளியே தள்ளிய பங்காளி கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டானே.

அம்பைக்காரன்:
அது இன்னும் தீராத வழக்கு. வம்பு வேண்டாம் என்றால் ஹெட்டரோடோன்டோசாரஸ் போடலாம், அது சந்தேகமில்லாத பறவை இடுப்பு டைனோசர். தென்னாப்பிரிக்கா, சுமார் 20 கோடி ஆண்டு, கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடே இருக்கிறது.

புதுவரவு:
நம் பக்கம் தோண்டினால் இதெல்லாம் கிடைக்காதா? குற்றாலம் பக்கம்?

தேரிக்காட்டான்:
அங்கே தோண்டினால் மண்வெட்டிதான் உடையும். அந்தப் பாறை டைனோசருக்கு ரொம்ப முன்னால், பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருவானது. எலும்புக்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அதுவும் ரொம்பப் பிந்திய காலம்.

பாளை வாத்தியார்:
ஹெட்டரோடோன்டோசாரஸ் என்றதும் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. பேர் வாயில் நுழையவில்லையாம். சரி, "டைனோசராக இருக்கலாம்" என்று மாற்றச் சொன்னேன். அட்டையில் இடமில்லை என்று எழுதிய பெண் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டாள்.