பினாங்கு லிட்டில் இந்தியாவுல ரோடு தாண்டுறது

கேள்வி: லெபோ பாசார் தெருவுல அம்மாவ கூட்டிட்டு நடக்கவே பயமா இருக்கு, அஞ்சடி (கடை முன்னாடி நடைபாதை) முழுக்க சாமானும் மோட்டார் சைக்கிளும், ரோட்டுல இறங்கினா காடி (காரு) உரசிட்டு போகுது, என்ன பண்ணா சரியாகும்?

பதில்: மொதல்ல வேகத்த கொறைக்கணுங்க, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல இடிச்சா உயிர் போற வாய்ப்பு 30ல இடிக்கிறத விட பல மடங்கு அதிகம். வெறும் ஒருவழி ஆக்கினா போதாது, எதிர்ல வண்டி வராதுன்னு இன்னும் அழுத்துவாங்க. தாண்டுற எடத்த நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினா தானா பிரேக் போடுவாங்க.

பதில்: முனையில பார்க்கிங்க எடுக்கணும்ண்ணே, வேன் நின்னா பின்னாடி பிள்ளைங்க வர்றதே தெரியல.

பதில்: நான் கடைக்காரன்தான். சாமான் எறக்குறத காலையிலயே முடிச்சிட்டு சாயந்தரம் காடிய தெருவுக்குள்ள விடாம நிறுத்தலாம், எனக்கு சம்மதம், லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்கு வர்ற பாட்டிங்க நிம்மதியா நடக்கட்டும்.