ஆஃப்சைட் ரூலை மாத்தணுமா, இல்ல வி.ஏ.ஆரையே தூக்கணுமா?

நைட்ஷோ நாகு:
மக்களே ஒரு சந்தேகம், சண்டை போடாம பதில் சொல்லுங்க. நேத்து ரூம்ல பழைய ஹைலைட்ஸ் ஓட்டிட்டு இருந்தோம், 2024 யூரோ ஜெர்மனி - டென்மார்க் மேட்ச் வந்துச்சு, பாத்ததும் அன்னிக்கு பட்ட வயித்தெரிச்சல் அப்படியே திரும்பிடுச்சு. நைட்டு பன்னெண்டரைக்கு ஆரம்பிச்ச மேட்ச், நடுவுல டார்ட்மண்ட்ல இடி மின்னல்னு நிறுத்தி வேற வச்சானுங்க, கொட்டாவி விட்டுக்கிட்டே உக்காந்திருந்தோம். செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்ச உடனே டென்மார்க் ஆண்டர்சன் கோல் போட்டான், நாங்க போட்ட சத்தத்துல கீழ் வீட்டு அக்கா வந்து கதவ தட்டிட்டாங்க. அவங்ககிட்ட சாரி சொல்லிட்டு திரும்புனா, வி.ஏ.ஆர்ல (வீடியோ பாத்து தீர்ப்ப சரிபாக்குற ரெஃப்ரி) கோல் இல்லன்னுட்டாங்க, அவன் டீம் டெலானியோட கால் கட்டைவிரல் ஆஃப்சைடாம், அதாவது பாஸ் அடிக்கிறப்ப கடைசி டிஃபெண்டர தாண்டி இருந்துச்சாம்! சரி போகட்டும்னு மனச தேத்துறதுக்குள்ள அதே ஆண்டர்சன் கையில பந்து உரசிடுச்சுன்னு பந்துக்குள்ள இருக்குற சிப்பு போட்டுக்குடுத்து, ஜெர்மனி ஹாவெர்ட்ஸ் பெனால்டி, 1-0. கடைசில 2-0ல டென்மார்க் வெளிய.

ரூல்படி ரெண்டும் சரிதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு கட்டைவிரலால அவனுக்கு என்ன லாபம் கிடைச்சுது? பழைய ஆர்சனல் கோச் வெங்கர் சொல்றாரே, கோல் போடக்கூடிய உடம்புப் பகுதி ஏதாவது ஒண்ணு டிஃபெண்டருக்கு நேரா இருந்தாலே ஆன்சைட்னு, அதக் கொண்டு வந்தா இந்த கூத்து தீருமா?

வியாசர்பாடி விங்கர்:
தீராது மச்சி. இப்ப முன்னாடி கால் கட்டைவிரல அளக்குறான், வெங்கர் ரூல் வந்தா பின்னாடி காலோட குதிகால அளப்பான். கோடு இடம் மாறும், சென்டிமீட்டர் சண்டை அப்படியே இருக்கும். அதோட ஸ்ட்ரைக்கருக்கு கிட்டத்தட்ட ஒரு ஆள் நீளம் சும்மா கிடைக்குது, இனி எந்த கோச் டிஃபென்ஸ மேல ஏத்தி நிறுத்துவான்? எல்லாரும் பெனால்டி பாக்ஸ்ல பாய் போட்டு படுத்துக்குவானுங்க, கோல் கூடும்னு நெனச்சு பண்ணது கோல கொறச்சுடும்.

ரூல மாத்துறது ஒண்ணும் தெய்வ குத்தம் இல்ல. அந்தக் காலத்துல ஸ்ட்ரைக்கருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவுல எதிர் டீம்ல கோல் கீப்பரையும் சேத்து 3 பேர் இருந்தாதான் ஆன்சைட், 1925ல அத 2 ஆக்குனாங்க, இங்கிலாந்துல கோல் மழை. 1990ல டிஃபெண்டரோட நேர்க்கோட்டுல இருந்தா ஆன்சைட்னு ஆக்குனாங்க. ஆனா அதெல்லாம் ஆட்டம் நல்லா இருக்கணும்னு பண்ணது, கேமரா மாட்டுனதுனால வந்த தலைவலிக்கு மருந்தா பண்ணது கிடையாது.

ஃப்ரேம் கணக்குப்பிள்ளை:
ஒரு சின்ன கணக்கு சொல்றேன். டிவி கேமரா செகண்டுக்கு 50 ஃப்ரேம்னு வைங்க. செகண்டுக்கு 10 மீட்டர் ஓடுறவன் ஒரு ஃப்ரேம்ல இருந்து அடுத்த ஃப்ரேமுக்குள்ள 20 சென்டிமீட்டர் நகந்துடுவான். பாஸ் அடிச்ச அந்த நொடி ரெண்டு ஃப்ரேமுக்கும் நடுவுல விழுந்தா? அப்படிப்பட்ட படத்துல கையால கோடு போட்டுதான் 2019ல ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரா லிவர்பூல் ஃபிர்மினோவோட அக்குள் ஆஃப்சைட்னு சொன்னாங்க, எனக்கு இன்னிக்கும் சிரிப்பு வருது. அப்புறம் 2021ல இங்கிலாந்துல கோட்ட தடிமனாக்கி, சந்தேகம்னா ஸ்ட்ரைக்கருக்கு சாதகம்னு கொஞ்சம் இறங்கி வந்தாங்க.

கத்தார் 2022 வேர்ல்டு கப்ல வந்த சிஸ்டம் வேற லெவல்தான், ஆளுக்கு உடம்புல 29 புள்ளிய செகண்டுக்கு 50 தடவ அளக்குது, பாஸ் அடிச்ச நொடிய பிடிக்க பந்துல இருக்குற சென்சார் செகண்டுக்கு 500 தடவ. அங்க அளவுல பெருசா குத்தம் சொல்ல முடியாது. ஆனாலும் கிரிக்கெட்ல அம்பயர்ஸ் கால் மாதிரி ஒண்ணு இங்கயும் வேணும்ங்கிறது என் கட்சி. ரொம்ப நெருக்கமா இருந்தா லைன்ஸ்மேன் கிரவுண்ட்ல என்ன சொன்னாரோ அதான் ஃபைனல். கோலி எல்பிடபிள்யூ ஆனப்ப அம்பயர்ஸ் கால நாம திட்டுனது ஞாபகம் இருக்கு, அது வேற விஷயம்.

ஆன்ஃபீல்ட் அன்பு:
எல்லாரும் மெஷினையே பேசுறீங்க. 2023 செப்டம்பர் 30, ஸ்பர்ஸுக்கு எதிரா எங்க லிவர்பூல் மேட்ச், எங்க டயஸ் போட்ட கோல். அது தெளிவா ஆன்சைட், படமும் சரியா காட்டுச்சு. ஆனா கிரவுண்ட்ல கோல்தான் குடுத்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு வி.ஏ.ஆர் ரூம்ல இருந்தவர் செக் முடிஞ்சுதுன்னுட்டார், கிரவுண்ட்ல ஆஃப்சைட்னு ஆட்டத்த ஆரம்பிச்சுட்டாங்க. ரீப்ளே ஓட்டுறவர்தான் மொதல்ல கண்டுபிடிச்சு சொல்றார், அதுக்குள்ள ஆட்டம் ஓடுது, இனி நிறுத்த முடியாதுன்னு கைய விரிச்சுட்டாங்க. அந்த ஆடியோவ அப்புறம் வெளியிட்டாங்க, கேட்டா பிபி ஏறும். கடைசில எங்க மாட்டிப்பே செல்ஃப் கோல், 2-1 தோல்வி. இதுக்கு எந்த ரூல மாத்துவீங்க? அவங்க பேசுறத லைவா நமக்கு போடுங்க, கிரிக்கெட்ல தேர்ட் அம்பயர் பேசுறது கேக்குது இல்ல, அதே மாதிரி. நாலு பேர் கேக்குறாங்கன்னு தெரிஞ்சாலே வாய் தெளிவா வரும்.

வி.ஏ.ஆர தூக்கிடலாம்னு சொல்றவங்களுக்கு: 2024ல இங்கிலாந்து பிரீமியர் லீக்ல வுல்வ்ஸ் டீம் அதையே ஓட்டுக்கு விட்டாங்க, 19-1ல தோத்தாங்க. தூக்குனா 2010 வேர்ல்டு கப் அர்ஜென்டினா - மெக்சிகோ மேட்ச் மாதிரி ஆகும், அர்ஜென்டினா டெவெஸ் ஆஃப்சைட்ல நின்னு போட்ட கோல ஸ்டேடியத்து பெரிய ஸ்க்ரீன்லயே காட்டிட்டாங்க, ஊரே பாத்துச்சு, ஆனாலும் கோல் கோல்தான்.

கொடி பிடிச்ச கை:
நான் 11 வருஷமா மாவட்ட லீக்ல கொடி பிடிக்கிறவன், அதனால கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஆஃப்சைட் பாக்குறது கண்ணால மட்டும் இல்ல. கண்ணு கடைசி டிஃபெண்டர் மேல இருக்கும், 40 மீட்டர் தள்ளி பாஸ் அடிக்கிறவன நான் பாக்கவே மாட்டேன், காலு பந்துல படுற "டப்" சத்தம்தான் எனக்கு சிக்னல். அந்த சத்தம் வரும்போது ஸ்ட்ரைக்கர் எங்க நிக்கிறான்னு மனசுல ஒரு போட்டோ விழும், அதான் தீர்ப்பு. அதுல கட்டைவிரல் எல்லாம் தெரியாதுப்பா.

என் ஆத்திரம் வேற இடத்துல. வி.ஏ.ஆர் பாத்துக்கும்னு கொடிய தூக்காம லேட் பண்றாங்க பாருங்க, அது ஆபத்து. 2025 மே மாசம் லெஸ்டர் மேட்ச்ல ஃபாரஸ்ட் டீம் அவோனியி கோல் போஸ்ட்ல போய் மோதி வயித்துல ஆபரேஷன், கோமால வச்சு காப்பாத்துனாங்க. அதுக்கு முன்னாடியே அதே டீம் எலாங்கா ஆஃப்சைட்ல இருந்தான், கொடி ஏறியிருந்தா அந்த ஓட்டமே இல்ல. ஒரு கோல் போயிடும்னு பயந்து ஒரு ஆள் உசுரு போகப் பாத்துச்சு. மொதல்ல மாத்த வேண்டியது இதத்தான்.

இதுல கொடும என்னன்னா, எங்க ஊர் மேட்சுக்கு வர்ற புதுப் பசங்களும் டிவிய பாத்துட்டு கொடிய கீழயே வச்சுக்கிட்டு ஓடுறானுங்க. ஏன்டா தூக்கலன்னு ஒருத்தன கேட்டா, செக் பண்ணட்டும்ணேங்கிறான். யாருடா செக் பண்ணுவா, பின்னாடி மேயிற மாடா?

நைட்ஷோ நாகு:
மாடு மேட்டர்ல விழுந்து விழுந்து சிரிச்சேன் அண்ணே. ஒரு டவுட்டு, 60,000 பேர் கத்துற ஸ்டேடியத்துல அந்த "டப்" சத்தம் கேக்குமா?

கொடி பிடிச்ச கை:
கேக்காது தம்பி. எங்க ஃபைனலுக்கு செண்டை மேளம் வந்தாலே கேக்காது. அன்னிக்கு உத்தேசம்தான்.