எலிக்குப் பலித்த ஆத்திப்பட்டை மனிதருக்கும் பலிக்குமா?

ஏற்காட்டுக்காரர்:
ஆத்தி மரப்பட்டையை மெத்தனால் என்ற சாராய வகையில் ஊறவைத்து எடுத்த சாறு, எர்லிக் என்ற ஆய்வகப் புற்றுச்செல் செலுத்தப்பட்ட சுண்டெலிகளின் வாழ்நாளை நீட்டித்ததாக 2004இல் கொல்கத்தா ஆய்வாளர்கள் எழுதினார்கள். சேர்வராயன் அடிவாரத்தில் ஆத்திக்குப் பஞ்சமில்லை. சூலகப் (சினைப்பை) புற்றுக்காக என் அம்மாவுக்கு ஏறும் பேக்லிடாக்சல் மருந்தும் யூ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையில் பிறந்ததுதானே? அதனால் சிவந்த உள்நாரை இடித்து, நான்கு பங்கு நீர் ஒரு பங்காகும்வரை காய்ச்சிக் கொடுத்து வருகிறேன்.

சேலம் மருந்தியல் மாணவி:
ஐயா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் உடன்பட முடியவில்லை. அந்த ஆய்வில் புற்றுச்செல்களை எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் விட்டு, மறுநாளிலிருந்து 14 நாள்கள் சாற்றையும் அதே வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். திரவத்தில் மிதக்கும் செல்களின்மேல் மருந்து நேராகவே போய் விழுகிறது. அம்மா குடிக்கும் கஷாயமோ குடலையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும். பட்டைக்குத் துவர்ப்பைத் தரும் டானின்கள் குடலிலேயே புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால், அவற்றில் இரத்தத்தில் சேர்வது சொற்பம். மெத்தனாலில் வடித்ததும் தண்ணீரில் காய்ச்சியதும் ஒரே சரக்கும் அல்ல.

செவ்வாய்பேட்டை நாட்டுமருந்துக் கடைக்காரர்:
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆத்தி கேட்பவருக்கு மந்தாரைப்பட்டை போய்ச் சேர்வதும் உண்டு. காய்ந்து சுருண்ட பட்டையை மட்டும் பார்த்து இனம் பிரிக்க நானே திணறியிருக்கிறேன்.

ஏற்காட்டுக்காரர்:
என் பட்டை கடைச்சரக்கல்ல. மரத்தைப் பார்த்து உரித்தது. யூ பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து வந்த பேக்லிடாக்சலைச் சூலகப் புற்றுக்குத் தர அமெரிக்க அனுமதி கிடைத்தது 1992இல். அந்த 30 ஆண்டுகள் என் அம்மாவிடம் இல்லையே, தங்கை.

சேலம் மருந்தியல் மாணவி:
அந்த 30 ஆண்டுகளில்தான் சாற்றிலிருந்து ஒற்றை மூலக்கூறைப் பிரித்தார்கள், 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள், செல் இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழாய்களை அது இறுக்கி, அந்தப் பிரிவை நிறுத்துவதை 1979இல் கண்டார்கள், பிறகே மனிதரிடம் அளவையும் நச்சையும் சோதித்தார்கள். ஆத்தி இன்னும் முதல் படியில்தான் நிற்கிறது. என் அச்சம் வேறு: பேக்லிடாக்சலைச் சிதைப்பவை கல்லீரல் நொதிகள். கஷாயம் அவற்றைத் தடுத்தால் மருந்து உடலில் தேங்கி வெள்ளணுக்களை மேலும் குறைக்கும். தூண்டினால் மருந்தின் பலனே குறையும். இரண்டில் எது நடந்தாலும் இழப்பு அம்மாவுக்குத்தான்.

ஏற்காட்டுக்காரர்:
அடுத்த மருந்தேற்றம் செவ்வாய்க்கிழமை. அதுவரை கஷாயத்தை நிறுத்திவைத்து, பட்டையைத் துணியில் முடிந்து எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுகிறேன். ஆனால் ஆத்தியை அடுத்த படிக்கு ஏற்றும் வேலையை உங்களைப் போன்ற மாணவர்கள் கையில் எடுக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.