கேட்ட நேரத்தில் வராத பாஸ்வேர்டு: உங்களுக்கு நடந்தது என்ன?

நங்கநல்லூர்வாசி

பென்ஷன் ஏறிவிட்டதா என்று அப்பா மாதம் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். போனில் வங்கி இணையதளத்தைத் திறந்து கட்டத்தைத் தொட்டால் கீழே பெயர் வரும், விரலை வைத்தால் உள்ளே போய்விடுவார். பாஸ்வேர்டு என்று ஒன்று இருப்பதே நாலு வருடமாக அவருக்கு மறந்துபோயிருந்தது. போன நவம்பரில் ஒருநாள் காலை எதுவும் வரவில்லை. தூங்குகிறவரை எழுப்புவதுபோல அந்த வெற்றுக் கட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சாமி அலமாரியிலிருந்து தினசரி காலண்டர் தாள் ஒன்றை எடுத்து வந்தார். பின்பக்கம் பாஸ்வேர்டு. நடுவில் இருப்பது பூஜ்யமா, ஆங்கில ஓவா? "உருண்டையாத்தான்டா போட்டேன்" என்கிறார். மாற்றி மாற்றி அடித்ததில் கணக்கு பூட்டிக்கொண்டது.

வங்கியின் இணைய முகவரி மாறியதுதான் விஷயம். 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. போனோ பழைய முகவரியின் பேரில் பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தத் தாளைப் பிடுங்கி அப்பாவிடம் கத்தினேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மெய்ப்புத் திருத்துபவர்

எனக்கு ராயப்பேட்டையில் அச்சு வேலை. வீட்டில் ஒழுங்காகப் போகும் பாஸ்வேர்டு ஆபீஸ் கணினியில் மட்டும் தப்பு, தப்பு, தப்பு. நாலாவது தடவை விரலை மெதுவாக வைத்து எண்ணினேன். அடித்தது பத்து, திரையில் பதினொரு கறுப்புப் புள்ளி!

தமிழ்99 என்கிற தமிழ் விசைப்பலகை ஆனில் இருந்திருக்கிறது. என் பாஸ்வேர்டில் அடுத்தடுத்து இரண்டு ஆங்கில 'என்' (n) வரும். அந்த விசையில் தமிழில் 'ல' இருக்கிறது. இரண்டு முறை அடித்தால் அது தானாகவே 'ல்ல' என்று புள்ளி வைத்துவிடும். நாள் முழுக்க அடுத்தவர் புள்ளியைத் திருத்துகிறவனுக்கு இது தேவைதான்.

பழைய சிஸ்டம் அட்மின்

நங்கநல்லூர் சார், தப்பு உங்கள் பேரில்தான். காலண்டர் தாளை வைத்து ஏன் ஊகிக்க வேண்டும்? கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் பழைய முகவரியைத் தேடி, திரைப்பூட்டைத் திறந்து, கண் படத்தைத் தொட்டால் பூஜ்யமா ஓவா என்று தெரிந்திருக்கும். அதைப் பார்த்துப் புது முகவரியில் ஒருமுறை நுழைந்து 'சேமி' கொடுத்தால் முடிந்தது. இன்னொன்று: ஆட்டோஃபில், அதாவது பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும் வசதி, வராததைக் கோளாறு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். முகவரி ஒத்துப்போகாவிட்டால் அது வாயே திறக்காது, திறக்கவும் கூடாது. "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வந்த போலி எஸ்எம்எஸ்ஸை நம்பி என் மச்சான் ஒரு பக்கத்தைத் திறந்தான். பாஸ்வேர்டு தானாக வரவில்லை. இவனே தேடி எடுத்து ஒட்டினான். போனது போனதுதான்.

ஆகவே முதலில் மேலே முகவரியைப் படியுங்கள். வங்கி முகவரியை நீங்களே அடியுங்கள், வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். முகவரி சரியாக இருந்தும் பாஸ்வேர்டு வரவில்லையா, போன் செட்டிங்கில் ஆட்டோஃபில் சேவையாக எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். போன் மாற்றும்போது பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும். லேப்டாப்பில் குரோம், கையில் ஐபோன் என்றால் ஐபோனின் ஆட்டோஃபில் பகுதியில் குரோமையும் ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் பேசிக்கொள்ளாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கும். அப்புறம் எந்தக் கூகுள் கணக்கில்…

நங்கநல்லூர்வாசி

சார், கண் படம் இருப்பது எனக்கும் மறுநாள் தெரிந்தது. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

தாம்பரம் பொண்ணு

எங்கள் வீட்டில் பாஸ்வேர்டு சரியாகவே வரும். அதற்கு அடுத்து ஆப்பில் பார்த்துப் போடும் ஆறு இலக்க எண்தான் தினமும் சண்டை. லேப்டாப்பில் அம்மா ஆபீஸ் மெயிலைத் திறப்பார், வட்டம் தேய்ந்து முடிவதற்குள் நான் போனைப் பார்த்துச் சொல்வேன், அவர் அடிப்பார். தவறு என்று வரும். "நீ மெதுவா சொல்ற" என்பார். ஆபீஸில் அந்த ஆப்பை இரண்டு முறை புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள், மறுபடியும் அதே கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதேச்சையாகக் கண்ணில் பட்டது: லேப்டாப்பில் 9.10, போனில் 9.15. பீச் போகிற மின்சார ரயில் வண்டியை விடக் கூடாது என்று அம்மா போன் நேரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார்! 30 நொடிக்கு ஒரு எண் மாறுகிற விஷயம். அந்த ஆப் போன் கடிகாரத்தை நம்பி, இன்னும் வராத நிமிடத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தது.

நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். முதல் முயற்சியிலேயே மெயில் திறந்தது. மறுநாள் அம்மா வண்டியை விட்டுவிட்டார்.