"இன்னும் கொஞ்சம் சம்பாதித்திருந்தால் கிடைத்திருக்குமா?": மெடிகெய்டு விரிவாக்கம், நீங்கள் நேரில் பார்த்தது

கரிசல்மண் (டாலஸ் பக்கம்)

நவம்பர் வந்தால் நூலகத்தில் ஒபாமாகேர் (அரசு மானியத்தோடு தனியார் இன்சூரன்ஸ் வாங்கும் திட்டம்) பதிவுக்கு உதவி செய்ய உட்காருவேன். 2023-ல் வந்த ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை, தனி ஆள். அடுத்த ஆண்டு வருமானம் 13,000 டாலர் வரும் என்றார். போட்டதும் திரையில் முழு பிரீமியம் வந்து நின்றது. மானியம் ஒரு காசு இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்குக்கு ஒற்றை ஆளின் வறுமைக்கோடு 14,580 டாலர். கோட்டுக்கு மேலே இருந்தால் மானியம், கீழே இருந்தால் மெடிகெய்டு (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) என்று நம்பித்தான் 2010-ல் ஒபாமாகேர் சட்டம் எழுதினார்கள். மெடிகெய்டை இப்படி விரிவாக்கச் சொல்லி மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெக்சாஸ் சேரவே இல்லை. சின்னப் பிள்ளைகள் இல்லாத, ஊனமில்லாத பெரியவர் எவ்வளவு ஏழையானாலும் இங்கே மெடிகெய்டு கிடையாது. மானியமும் கிடையாது.

"அப்படியென்றால், இன்னும் கொஞ்சம் சம்பாதித்திருந்தால் கிடைத்திருக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, வேலை பார்க்கும் வீடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. "இவர்கள் வாரா வாரம் வரச் சொன்னார்கள். முட்டி வலிக்கிறதே என்று நான்தான் மாட்டேன் என்றேன்."

அந்த முட்டியைக் காட்டத்தான் அவருக்கு இன்சூரன்ஸ் தேவைப்பட்டது.

செம்பருத்தி (வட கரோலினா)

அக்கா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. எங்கள் ஊரிலும் 2023 டிசம்பர் 1 வரை இதே நிலைதான்.

நான் பார்மசியில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் ஒருவர் வருவார், கூரை வேலை செய்பவர். தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலரின் விலையைக் கேட்பார். சொன்னதும் தலையாட்டிவிட்டு, மூச்சு முட்டும்போது அடிக்கும் மலிவான இன்ஹேலரை மட்டும் வாங்கிப் போவார். விரிவாக்கம் வந்த பிறகு ஒருநாள் புது மெடிகெய்டு அட்டையோடு வந்தார். கணினியில் போட்டேன், 4 டாலர் என்று வந்தது. பர்ஸைத் திறந்தபடி அப்படியே நின்றார். "இது வேறு யாருடையதாகவோ இருக்கும், பெயரைச் சரியாகப் பாருங்கள்" என்றார். பெயரைப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அப்போதைய ஆளுநர் ராய் கூப்பர் விரிவாக்கச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது 2023 மார்ச் 27. பல ஆண்டுகள் எதிர்த்த மாநில செனட் தலைவர் ஃபில் பெர்கரே மனம் மாறி ஆதரித்தார். ஆனாலும் பட்ஜெட் நிறைவேறினால்தான் தொடங்கலாம் என்று ஒரு நிபந்தனை. பட்ஜெட் செப்டம்பர் வரை இழுத்தது. சட்டமாகிவிட்டது என்று டிவியில் பார்த்துவிட்டு அந்த வசந்த காலத்திலேயே கூரை வேலைக்காரர் என்னிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

பாலாறு (ஒஹாயோ)

இரண்டு கதைகளும் உண்மைதான். ஆனால் மறுபக்கமும் பேச வேண்டும். ஒஹாயோவில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் கேசிக்கே முன்னின்று கொண்டுவந்தார், 2014 ஜனவரியில் தொடங்கியது. நான் கடை வைத்திருக்கிறேன். 2024 கிறிஸ்துமஸ் சமயம் என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்குக் கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தேன். வேண்டாம் என்றான். மாதம் 1,700 சொச்சத்தைத் தாண்டினால் அட்டை போய்விடுமாம். நல்ல உழைப்பாளி. முன்னேறக்கூடிய வயதில் ஒருவனைத் திட்டம் கட்டிப்போடுகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. உடம்பு நன்றாக இருப்பவர்கள் மாதம் 80 மணி நேரமாவது வேலை செய்யட்டும் என்று கேட்பதில் என்ன தவறு? விரிவாக்கச் செலவில் மத்திய அரசு 90 சதவீதம் கொடுத்தாலும் அதுவும் நம் வரிப்பணம்தானே.

கொள்ளிடம் (டெக்சர்கானா)

பாலாறு சார், உங்கள் கடைப் பையன் வேலை செய்கிறவன். வேலை நிபந்தனை அவனை எப்படித் திருத்தும்? அவன் பயம் வரம்பைப் பற்றியது. ஒற்றை ஆளுக்கு வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை மெடிகெய்டு. அதைத் தாண்டினால் ஒபாமாகேர் மானியம் பிடித்துக்கொள்ளும். 2024-ல் அந்த வருமானத்துக்குப் பிரீமியமே இல்லாத திட்டங்கள் இருந்தன. அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. (2025 முடிவோடு பிரீமியத்தை அப்படிக் குறைத்த கூடுதல் மானியம் நின்றுபோனது, அது தனிச் சோகம்.)

80 மணி நேரம் என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் நடுவே ஸ்டேட் லைன் அவென்யூ என்று ஒரு சாலை. ஒரு பக்கம் டெக்சாஸ், மறுபக்கம் ஆர்கன்சா. ஆர்கன்சா 2014-லேயே விரிவாக்கியது. நான் வேலை பார்க்கும் கிளினிக் அந்தப் பக்கம். 2018-ல் ஆர்கன்சா வேலை நிபந்தனை கொண்டுவந்தது: மாதா மாதம் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும், ஒரே ஆண்டில் மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை வெளியே.

கோழித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் ஒருவர், ரத்தக்கொதிப்புக்கு வருபவர். அட்டை செல்லாது என்று கவுண்டரில் சொன்னதும் கோபப்படவில்லை. விரிசல் விட்ட போனை எடுத்து, எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். இரவு ஒன்பது மணிக்குமேல் அந்த இணையதளம் மூடிவிடும், காலை ஏழுக்குத்தான் திறக்கும். "நான் வேலைக்குக் கிளம்பும்போது மூடியிருக்கிறது. வந்ததும் தூங்கிவிடுகிறேன்" என்றார். கையில் அன்று காலை வாங்கிய சம்பளச் சீட்டு. வேலை செய்வதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் அதை வாங்கிக்கொள்ள எந்தக் கவுண்டரும் கிடையாது.

2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்துவதற்குள் 18,000 பேருக்கு மேல் அட்டை இழந்தார்கள். இப்போது அதே 80 மணி நேரம் 2027 ஜனவரி முதல் விரிவாக்கம் செய்த எல்லா மாநிலங்களுக்கும் வருகிறது. 2025 ஜூலையில் சட்டமாகிவிட்டது.

மருதாணி (ஹூஸ்டன்)

என்னுடையது சின்ன விஷயம். என் மாமியாருக்கு 61 வயது, கிரீன் கார்டு வந்து ஓராண்டு ஆகவில்லை. தனியாக வரிக்கணக்குக் காட்டுகிறார், ஊரிலிருந்து வரும் சிறு ஓய்வூதியம் மட்டும்தான். அவருக்கு 2024-ல் மானியத்தோடு நல்ல திட்டம் கிடைத்தது. 1996 சட்டப்படி கிரீன் கார்டு வந்து ஐந்தாண்டு மெடிகெய்டு தரமாட்டார்கள். அதனால் அப்படிப்பட்டவர்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மானியம் உண்டு என்று சட்டத்தில் இடம் இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா இங்கேயே பிறந்தவர். எனக்கு வேலை நாளாகிவிட்டால் மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவது அவர்தான். அட்டையைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று என்னிடம் கேட்டார். பொறாமை இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கரிசல்மண் சொன்ன அதே பள்ளத்தில் அவர் இருக்கிறார். 2026-லிருந்து மாமியாருக்கும் அந்த மானியம் நின்றுவிட்டது. இப்போது இரண்டு பேரையும் நான்தான் தரும மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன்.

தாமிரபரணி (சிகாகோ)

மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். குடல்வால் அறுவை முடிந்த ஒருவரின் மனைவி, பிரிக்காத பில் உறைகளை ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். அவர்களுக்கு மெடிகெய்டு தகுதி முதலிலிருந்தே இருந்தது.

அதனால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் படியுங்கள். பில் வந்த பிறகும் மெடிகெய்டுக்கு விண்ணப்பிக்கலாம். பல மாநிலங்களில் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதச் செலவுவரை ஏற்றுக்கொள்வார்கள். 2027 ஜனவரியிலிருந்து விரிவாக்கத்தில் வருபவர்களுக்கு அது ஒரு மாதமாகச் சுருங்குகிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். தகுதி இல்லையென்றால், லாப நோக்கமற்ற மருத்துவமனை எதுவானாலும் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பதும் ஒபாமாகேர் சட்டம்தான். டிஸ்சார்ஜ் ஆனபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் விண்ணப்பிக்க இடம் உண்டு. "பைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் ஃபார்ம் கொடுங்கள்" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக உதவி கேட்டால் தவணைத் திட்டத்தைத்தான் நீட்டுவார்கள். மருதாணி, ஹூஸ்டனில் மத்திய அரசு நிதியில் நடக்கும் சமூக நல மையங்கள் உண்டு, வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்குவார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை அங்கே பதிவு செய்யுங்கள். வீடு மாறினால் முகவரியை உடனே மாற்றுங்கள். புதுப்பிக்கும் கடிதம் பழைய முகவரிக்குப் போய் அட்டை இழந்தவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். 2026 முடிவிலிருந்து விரிவாக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். கடிதம் இரண்டு மடங்கு வரும்.

பாலாறு

கொள்ளிடம் சார், அந்தச் சம்பளச் சீட்டு விஷயம் எனக்குத் தெரியாது. முதலாளிகள் நேரடியாக மணிக்கணக்கை அனுப்பினால் தீருமா? ஒஹாயோவில் யாராவது செய்கிறார்களா? என் கடையில் மூன்று பேர் அந்த அட்டையில் இருக்கிறார்கள். கடைப் பையனிடம் மானியம் பற்றி இன்று பேசுகிறேன்.

செம்பருத்தி

எங்கள் மாநிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய அரசின் பங்கு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் விரிவாக்கம் தானாக நின்றுவிடும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கூரை வேலைக்காரர் போன வாரம் இன்ஹேலர் வாங்க வந்தார். மழைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது, மாதம் 80 மணி நேரம் வராது. படிப்பும் தன்னார்வப் பணியும் கணக்கில் சேரும் என்று சொன்னேன். தேவாலயத்தின் கூரையை இலவசமாகச் சரிசெய்தால் சேருமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். தாமிரபரணி அக்கா, உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.