20 வருசம் பிசியில விளையாடினவன் வீட்டுக்கு பிஎஸ்5 வந்து மூண்டு கிழமை

மரைன்டிரைவ்:

வெள்ளவத்தையில நெட் கஃபேக்குள்ள மணித்தியாலக் காசு குடுத்து கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 விளையாடின நாளில இருந்து எனக்குக் கீபோர்ட்டும் மவுசும்தான். யூனிட்டி பிளாசாவில சாமான் சாமானா வாங்கி நானே பூட்டின மெஷின் இதுவரைக்கும் நாலு. டிவியில கொழுவி விளையாடுற கொன்சோல் பெட்டி சின்னப் பிள்ளையளுக்கு எண்டுதான் மனசில இருந்தது. போன மாசம் என்ரை கிராபிக்ஸ் கார்ட் செத்துப்போச்சு. புதுசு விசாரிச்சா, அந்தக் காசுக்கு மேல கொஞ்சம் போட்டா பாவிச்ச பிஎஸ்5 (சோனியின்ரை பிளேஸ்டேஷன் 5 கொன்சோல்) ஒண்டே வரும் எண்டு கடைக்காரர் சொன்னார். டிஸ்க் போடுறது ஒண்டை எடுத்துக்கொண்டு வந்தன்.

முதல் இரவு, அதோடயே வாற ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் எண்ட கேமைப் போட்டன். கேமுக்குள்ள மணலில நடந்தா கைக்கு ஒரு மாதிரி, கண்ணாடித் தரையில நடந்தா இன்னொரு மாதிரி. மழைக்குள்ள போனா உள்ளங்கையில துளித்துளியா விழுது. பழைய கண்ட்ரோலருக்குள்ள பாரம் சுத்தும், முழுசா நடுங்கும், அவ்வளவுதான். இதுக்குள்ள ஸ்பீக்கர் மாதிரி வேலை செய்யிற சுருள் இடக்கைக்கு ஒண்டு, வலக்கைக்கு ஒண்டு. விரலால விசையை இழுக்கேக்க அது திருப்பித் தள்ளுது. இரவு ரெண்டு மணி மட்டும் நான் எழும்பேல்ல.

ஆனா எனக்குப் பெரிய விசயம் வேற. பிசியில புதுப் பெரிய கேம் ஒண்டு போட்டா முதல்ல ஷேடர் (வெளிச்சம், நிழல், நிறத்தை எப்பிடி வரையிறது எண்டு கார்டுக்குச் சொல்லுற சின்னப் புரோகிராம்) தயாராகிற கோடு ஓடும். அது முடிஞ்சு உள்ளுக்குப் போனாலும், புதுக் கதவொண்டு திறக்கேக்க, புதுசா ஒண்டு வெடிக்கேக்க, ஒரு தரம் இழுத்து நிக்கும். ஒவ்வொருத்தரிட்டயும் வேற கார்ட், அதை ஓட்டுற மென்பொருளும் (டிரைவர்) வேற. அதால அந்த ஷேடரை எங்கட மெஷினிலதான் கடைசியா மாத்தி எடுக்க வேணும். பிஎஸ்5இல சிப் எது எண்டு கேம் செய்யிறவைக்கு முதலே தெரியும். எல்லாத்தையும் அங்கேயே முடிச்சு கேமோட அனுப்புவினம். அந்த இழுவை எனக்கு இப்ப இல்லை. எத்தினை இரவு கேம் விளையாடாம செட்டிங்ஸோட மல்லுக்கட்டிப்போட்டு படுத்திருப்பன்!

குறையும் இருக்கு. கண்ட்ரோலரில இருக்கிற தடியால குறி வைக்கிறது இன்னும் சரிவரேல்ல. சில கேம், படத்தின்ரை தரத்தைக் கூட்டி வைக்கிற முறையில, செக்கனுக்கு 30 ஃபிரேம் (படம்) தான். 60 பார்த்துப் பழகின கண்ணுக்கு அது வில்லங்கம். 825 ஜிபி எண்டு பேர், பாவிக்கக் கிடைக்கிறது 667.

முந்தாநாள் அப்பா சாய்மனைக் கதிரையில இருந்துகொண்டு நான் விளையாடுறதைக் கடைசி மட்டும் பார்த்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு விளையாடின இத்தினை வருசத்தில அது ஒருநாளும் நடக்கேல்ல.

பிசிக்கு நான் திரும்பக் கார்ட் வாங்கப் போறதில்லை. பிழை எண்டு நினைக்கிறவை சொல்லுங்கோ.

வலதுகிளிக்:

பிழை என்றுதான் நினைக்கிறேன். கையில் மழை விழுவதை நான் மறுக்கவில்லை. நீங்கள் ஒப்பிட்டது கடையில் கேட்ட இரண்டு விலைகளை மட்டும்தான். மீதிக் கணக்கையும் போடுங்கள்.

பிசியில் பெரும்பாலான கேம்களை இணையத்தில் கூடி விளையாட ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிளேஸ்டேஷனில் ஃபோர்ட்நைட் போன்ற இலவசக் கேம்களை விட்டால் பெரும்பாலும் சோனியின் பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும். அதில் ஆகக் குறைந்த தரத்துக்கு அமெரிக்கக் கணக்கில் 2023 செப்டெம்பர் வரை ஆண்டுக்கு 59.99 டொலர், அதன் பிறகு 79.99. ஐந்து வருடம் கட்டினால் 400 டொலர். 2020இல் டிஸ்க் இல்லாத பிஎஸ்5இன் விலையே 399.

கொன்சோல் பழசாகப் பழசாக மலியும் என்பதும் இப்போது நடப்பதில்லை. பிஎஸ்2 2000இல் 299 டொலருக்கு வந்து 2009இல் 99க்கு இறங்கியது. டிஸ்க் போடும் பிஎஸ்5 499க்கு வந்தது. 2025 ஓகஸ்டில் அமெரிக்காவிலேயே 549ஆக ஏறியது. இங்கே வந்து சேரும்போது 18 சதவீத வற் வரியும் ரூபாயின் நிலையும் சேர்கிறது. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம்.

அதோடு, உங்கள் பிசியில் செத்தது ஒரு கார்ட். மெஷினின் மீதி எல்லாம் உயிரோடு இருக்கிறது. கொன்சோலில் அந்த இடத்தில் பழுது வந்தால் என்ன செய்வீர்கள்?

டிஸ்க்மாத்து:

வலதுகிளிக் பாய், நீங்க கேமை வாங்கி வெச்சிக்கிற ஆளோட கணக்கைப் போடுறீங்க. நான் அப்படி இல்ல. டிஸ்க் ஒண்ணு வாங்குவேன், முடிப்பேன், கொஞ்சம் காசு குறைச்சுக் குடுத்துட்டு அடுத்ததை எடுப்பேன். மருதானையில எங்க கூட்டாளிமார் ஆறு பேருக்குள்ள ஒரே டிஸ்க் ஒரு வருஷம் சுத்தும். பிசிக்கு கேம் விக்கிற இணையக் கடையான ஸ்டீம்ல வாங்கின கேமை யாருக்கு விப்பீங்க?

காத்திருக்கிறதுக்கும் விலை உண்டு. ஜிடிஏ 5 கொன்சோலுக்கு 2013 செப்டெம்பர்ல வந்துச்சு, பிசிக்கு 2015 ஏப்ரல்ல. கோஸ்ட் ஒஃப் சுஷிமா 2020 ஜூலைல வந்தது பிசிக்கு வர 2024 மே ஆச்சு. கிட்டத்தட்ட நாலு வருஷம். நாங்க அதை ஒரு நோன்பு மாசத்துல, சஹருக்கு எழும்புற வரைக்கும் மாறி மாறி விளையாடி முடிச்சோம்.

கொட்டாஞ்சேனைக்காரி:

ரெண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லையே. சோனியோட இணையக் கடையில கேம் வாங்குறதுக்கு வேணும்கிற பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கு திறக்கிற நாடுகளோட பட்டியல்ல இலங்கை இல்ல. இந்தியா இருக்கு, நாம இல்ல. அதனால எல்லாரும் அமெரிக்காவுலயோ வேற எங்கயோ இருக்கிற மாதிரி கணக்குத் திறந்து, கிஃப்ட் கார்ட் வாங்கி ஓட்டுறோம். அண்ணா, நீங்களும் அப்படித்தான் திறந்திருப்பீங்க. பொய் முகவரியில இருக்கிற கணக்குல நூறு டொலருக்கு கேம் வாங்கி வெச்சா, நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா என்னான்னு சொல்லிக் கேப்பீங்க?

பிசிக்காரங்க தப்பிச்சோம்னும் நினைக்க வேணாம். 2024 மே மாசம் ஹெல்டைவர்ஸ் 2 கேமை பிசியில விளையாடவும் இந்தக் கணக்கை இணைக்கணும்னு சோனி சொன்னதும், ஸ்டீம்ல 170க்கு மேற்பட்ட நாடுகள்ல அந்த கேமை விக்கிறதை நிறுத்தினாங்க. எதிர்ப்பு வந்து கொஞ்ச நாள்ல கட்டாயத்தை வாபஸ் வாங்கினாங்க. அந்த ரெண்டு மூணு நாள் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறல.

மரைன்டிரைவ்:

தங்கச்சி சொன்னதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை. ஓம், கணக்கு வேற நாட்டு முகவரிதான். எங்கட காசு எடுபடுது, எங்கட நாட்டின்ரை பேர் மட்டும் அந்தப் பட்டியலில இல்லை. அதாலதான் நான் டிஸ்க் போடுற மெஷினையே எடுத்தனான். டிஜிட்டலா இதுவரைக்கும் ஒண்டும் வாங்கேல்ல.

வலதுகிளிக், சந்தாக் கணக்கு சரி. ஆனா நான் தனியா இருந்து கதை விளையாடுற ஆள், அதுக்குச் சந்தா தேவையில்லை. கரண்டையும் கொஞ்சம் யோசியுங்கோ. இது பெரிய கேம் ஓடேக்க 200 வாட் அளவுதான் இழுக்கும். என்ரை பழைய மெஷின் அதை விட ரெண்டு மடங்குக்குக் கிட்ட. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கு பாஞ்சு நாடு முழுக்கக் கரண்ட் போன நாள் ஞாபகம் இருக்கோ? அப்பிடி ஒண்டு வந்தா சின்ன யுபிஎஸ் ஒண்டே இதுக்குக் காணும், சேவ் பண்ணிப்போட்டு ஆறுதலா நிப்பாட்டலாம்.

வலதுகிளிக்:

கரண்ட் விஷயத்தில் சரி. டிஸ்க் விற்பதையும் ஏற்கிறேன். ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பித் தருவார்கள், ஆனால் முடித்த கேமை விற்க முடியாது.

ஆனால் நீங்கள் இருப்பது மரைன் டிரைவ். அந்த உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே மூன்று வருடத்தில் உரிகிறது. நான் தெஹிவளையில் கடலுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிசியைத் திறந்து தூசி ஊதி, விசிறியைத் துடைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்டை மாற்றுவேன். பிஎஸ்5இல் வெள்ளைத் தகடுகளைக் கழற்றி விசிறியில் உள்ள தூசியை எடுக்கலாம், சேமிப்பிடத்துக்கு எஸ்எஸ்டி கூட்டலாம். அதற்கு மேல் போக வேண்டாம். சிப்புக்கும் வெப்பத்தட்டுக்கும் நடுவில் இருப்பது திரவ உலோகம். தெரியாமல் திறந்து அது போர்டில் சிந்தினால் எல்லாம் முடிந்தது. தானே பூட்டிப் பழகிய ஒருவர், தன்னால் திறக்கக்கூடாத ஒரு பெட்டிக்கு ஏன் போகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நான்கு மெஷின் பூட்டினேன் என்றீர்களே, அந்தக் கைக்கு இனி என்ன வேலை?

மரைன்டிரைவ்:

இந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே நோகுது. முதல் மெஷினைப் பூட்டி, சுவிச்சைப் போட்டவுடன விசிறி சுத்தினதைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டனான். அந்தச் சந்தோசம் இந்த வெள்ளைப் பெட்டியில கிடைக்காது.

எண்டாலும் எனக்கு இப்ப வயசு 38. வேலையால வந்து சாப்பிட்டு முடிய ஒரு மணித்தியாலம்தான் எனக்கெண்டு மிஞ்சுது. முந்தி அந்த ஒரு மணித்தியாலம் அப்டேட்டுக்கும் டிரைவருக்கும் போச்சு. இப்ப பொத்தானை அமத்தினா நேற்று விட்ட இடத்தில நிக்குது. பூட்டுற ஆசைக்கு ஞாயிற்றுக்கிழமை மருமகனோட இருந்து அவனுக்கு ஒரு மெஷின் பூட்டிக் குடுப்பன். விளையாட்டு எனக்கு.

கொட்டாஞ்சேனைக்காரி:

வலதுகிளிக் அண்ணா, அந்த கண்ட்ரோலரை யூஎஸ்பி வயர்ல பிசிக்குக் குடுத்தா சில கேம்ல அந்த விசைத் தள்ளலும் அதிர்வும் வேலை செய்யும். புளூடூத்ல பெரும்பாலும் வராது. பிடிச்சுப் பார்க்காமலே விவாதம் பண்றீங்களே.

மரைன்டிரைவ்:

தெஹிவளை பக்கம்தானே? சனிக்கிழமை கொண்டுவாறன். ஒண்டும் தேடவேண்டாம், ஸ்டேஷனுக்கு முன்னால நிக்கிறன்.

வலதுகிளிக் (நான்கு நாளுக்குப் பிறகு):

வந்தார், கொடுத்தார், வயர் போட்டு இரண்டு மணித்தியாலம் விளையாடினோம். கேமில் வில்லின் நாணை இழுக்கும்போது விரலுக்கு வரும் இறுக்கம் உண்மை. மவுசில் அது வராது. குறி வைப்பதில் மட்டும் என் மவுசோடு அவர் ஒரு சுற்றும் வெல்லவில்லை. அதை அவரே இங்கு எழுதுவதாகச் சொன்னார். கண்ட்ரோலர் ஒன்று எனக்கு வாங்கப் போகிறேன், பிசிக்கு. கொன்சோல் வாங்க மாட்டேன்.

மரைன்டிரைவ்:

ஓம், ஒரு சுற்றும் வெல்லேல்ல. டிஸ்க்மாத்து பாய், கோஸ்ட் ஒஃப் சுஷிமா டிஸ்க் இப்ப யாரிட்ட நிக்குது?